ஒரு நாளுக்கு ஒரு பக்கம்

எங்கள் ஊர்த் தபாலாபீசில் காலையில் நடக்கும் முதல் காரியம் கதவைத் திறப்பது அல்ல. அதற்கு முன்பே போஸ்ட்மாஸ்டர் உள்ளே உட்கார்ந்து தேதியை மாற்றிக்கொண்டிருப்பார். முத்திரைக் கட்டையின் நடுவில் தேதிக்கும் மாதத்துக்கும் வருஷத்துக்கும் தனித்தனியாகச் சின்ன அச்சுகள் செருகியிருக்கும். நேற்றைய தேதியை இடுக்கியால் பிடுங்கித் தகர டப்பாவில் போட்டுவிட்டு, இன்றைய தேதியைச் செருகுவார். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து தலையணை கனத்துக்கு ஒரு நோட்டை எடுப்பார். அன்றைய பக்கத்தைப் புரட்டி, மையில் தோய்த்த முத்திரையால் அதில் ஒரு குத்து குத்துவார். ஊர்க் கடிதங்களுக்கு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நான் அங்கே தபால்காரனாகச் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம். அப்போதே எனக்கு இரண்டு பிள்ளைகள். வெயிலில் நடந்து கால் காய்த்துப் போனவனுக்கு, நிழலில் உட்கார்ந்து நோட்டில் குத்திக்கொண்டிருக்கும் மனுஷரைப் பார்த்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? ஆளுக்குக் கொஞ்சம் மறை கழன்றுவிட்டது என்றுதான் முதல் வாரம் முழுக்க நினைத்தேன். இரண்டாம் வாரம் அவர் வெளியே போயிருந்த சமயத்தில் நோட்டை எடுத்துப் புரட்டினேன். அதற்குப் பிறகு அந்த நோட்டை விட்டு என்னால் விலக முடியவில்லை.

மொத்தம் முந்நூற்று அறுபத்தாறு பக்கம், நாளுக்கு ஒன்றாக. வருஷம் மாறினாலும் நோட்டு மாறாது. ஜூலை பதினான்கு என்றால், எந்த வருஷத்து ஜூலை பதினான்கும் அந்த ஒரே பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். பக்கத்தின் தலையில் பழைய காலத்துச் சங்கதிகள், பொடி எழுத்தில். அதற்குக் கீழே வருஷத்துக்கு ஒன்றாக வட்ட முத்திரைகள். ஒவ்வொரு முத்திரைக்கும் பக்கத்தில் அன்றைக்கு எங்கள் ஊரில் நடந்தது ஒரு வரி. பிரெஞ்சு தேசத்து ஜனங்கள் சிறைக்கோட்டையைப் பிடித்த நாளும், எங்கள் கிழக்குத் தெருவில் ஒரு எருமை இரட்டைக் கன்று போட்ட நாளும் ஒன்றுதான் என்பதை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த நாளில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றினார்கள். பனாமாக் கால்வாயைத் திறந்துவிட்ட ஆகஸ்டு பதினைந்தில், பல வருஷம் கழித்து, மேலத் தெருக் கிணற்றில் ஊற்றுக் கண்டது. பிப்ரவரி இருபத்தொன்பதுக்கு நாலு வருஷத்துக்கு ஒரு முத்திரைதான் விழும். அதற்குச் சோம்பேறிப் பக்கம் என்று பெயர் வைத்திருந்தார்.

பழைய சங்கதிகளை அவர் சேர்த்த விதம் தனி. தபாலில் வரும் பத்திரிகைகளைப் பட்டுவாடாவுக்கு முன்னால் உறை பிரியாமல் ஓரத்தில் எட்டிப் பார்ப்பார். ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டரிடம் இங்கிலீஷ் சரித்திரப் புஸ்தகத்தை இரவல் வாங்கி, ராஜாக்களை எல்லாம் தள்ளிவிட்டுத் தேதிகளை மட்டும் பொறுக்குவார். கார்டு வாங்க வந்தவர்களையும் விடமாட்டார். பஸ்ரா வரை போய்ச் சண்டை போட்டுத் திரும்பிய ஒரு சிப்பாய், ஓர் அணாவுக்கு ஸ்டாம்பு வாங்க வந்து, ஒரு முழு மத்தியானம் கப்பலில் ஏறிய தேதியும் இறங்கிய தேதியும் சொல்லிவிட்டுப் போனான். ஸ்டாம்பை வாங்க மறந்துவிட்டான்.

ஒல்லியான உடம்பு. கழுத்து வரை பித்தான் போட்ட கோட்டு. வலது கட்டைவிரல் எப்போதும் முத்திரை மையில் கறுத்துக் கிடக்கும். சாப்பிடும்போதும் அது அப்படித்தான் என்று அவர் சம்சாரம் குறைப்பட்டுக்கொள்வார். யாராவது, "இன்னைக்கு ஒண்ணும் விசேஷமில்லீங்க" என்று சொல்லிவிட்டால் அவருக்குப் பொறுக்காது. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "சும்மா போன நாளுன்னு ஒண்ணு கெடையாதப்பா. நமக்குச் சேதி வந்து சேரல, அவ்வளவுதான்" என்பார். இதை நான் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அதில் என்ன இருக்கிறது என்று விளங்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

நோட்டின் புகழ் பரவியபோது ஒரு கூத்து நடந்தது. ஜனங்கள் அதை ஜோசியப் புஸ்தகமாக நினைத்துவிட்டார்கள். மேச்சேரியிலிருந்து ஓர் ஆட்டு வியாபாரி வந்து, கிடாய் வாங்கப் போகிறேன், நாள் எப்படி என்று கேட்டார். ராசிபுரத்துப் பட்டு நெசவுக் குடும்பம் ஒன்று மகளுக்குக் குறித்த முகூர்த்த நாளைச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று நின்றது. பக்கத்தைத் திறந்தால் தலையிலேயே எங்கோ ஒரு பூகம்பம். பெண்ணின் தகப்பனாருக்கு முகம் வெளுத்துவிட்டது. நம்மவர் பதறிப்போய் நோட்டையே அவர் கையில் கொடுத்து, சாவு இல்லாத பக்கம் ஒன்றையாவது காட்டுங்கள், அந்த நாளிலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார். அவரும் விடாமல் ஒரு மணி நேரம் புரட்டினார். அப்படி ஒரு பக்கம் கிடைக்கவில்லை. பிள்ளை பிறக்காத பக்கமும் கிடைக்கவில்லை. கடைசியில் குறித்த நாளிலேயே கல்யாணம் நடந்தது. மறு வருஷம் அந்தப் பக்கத்தில் பூகம்பத்துக்குக் கீழே அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்த சேதி ஏறியது. போஸ்ட்மாஸ்டர் அன்று எனக்கு வெல்லம் கொடுத்தார்.

இத்தனை எழுதிய நோட்டில் ஒரே ஒரு பக்கம் மட்டும் எனக்குப் புரியவில்லை. அது ஜூலை இருபத்தெட்டு. தலையில் வழக்கம்போலத்தான் இருந்தது: தென்னமெரிக்காவில் பெரு தேசம் விடுதலை அறிவித்த நாள், ஐரோப்பாவில் பெரிய சண்டை ஆரம்பித்த நாள். கீழேதான் விநோதம். மற்றப் பக்கங்களில் முதல் முத்திரை அவரே குத்தியது. இங்கே மட்டும் ஒரு தபால் கார்டிலிருந்து வட்டமாகக் கத்தரித்து எடுத்த முத்திரை ஒட்டியிருந்தது. ஊர்ப்பெயர் ஜேடர்பாளையம், வருஷம் இருபத்துநான்கு. அதற்குக் கீழே வருஷா வருஷம் எங்கள் ஆபீஸ் முத்திரை இருந்தது. பக்கத்தில் ஊர்ச் சங்கதி ஒன்றுமில்லை. ஒவ்வொரு முத்திரைக்கும் ஓரத்தில் பென்சிலால் இன்னொரு தேதி மட்டும் எறும்பு போலக் குறித்திருந்தது. சில ஜூலைத் தேதி, சில ஆகஸ்டுத் தேதி. ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை.

கேட்டுப் பார்த்தேன். வெயில் ஏறுவதற்குள் மேலத் தெருவை முடித்துவிட்டு வரச் சொன்னார். சும்மா போன நாள் கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லுகிறவர், அந்த ஒரு நாளுக்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டார் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? அன்றைக்கு எனக்கு மேலத் தெருவில் எந்த வீட்டில் எந்தக் கடிதத்தைப் போட்டேன் என்றே நினைவில்லை.

விடை சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆபீசும் வீடும் ஒரே கட்டடம். முன்பக்கம் தபாலாபீஸ், பின்பக்கம் அவர்கள் குடித்தனம். நடுவில் ஒரே சுவர். அவர் நெசவாளி வீட்டுப் பிள்ளைதான். படித்து உத்தியோகத்துக்கு வந்துவிட்டார். சம்சாரம் தறியை விடவில்லை. முன்னால் முத்திரை குத்தும் சத்தம், பின்னால் தறிச் சத்தம். இரண்டும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வருஷப் பிறப்புக்குப் பஞ்சாங்கம் தபாலில் வந்ததும் என்னைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டு, ஆடி மாசத்துத் தேய்பிறைத் துவாதசி என்றைக்கு, எந்தக் கிழமை என்று பார்த்துச் சொல்லச் சொல்வார். நானும் பார்த்துச் சொல்வேன். வீட்டில் படித்த மனுஷர் இருக்கும்போது என்னிடம் ஏன் கேட்க வேண்டும் என்று மூன்று வருஷம் நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, நாலாம் வருஷம் கேட்டேவிட்டேன்.

தறியில் இப்படியும் அப்படியும் ஓடிக்கொண்டிருந்த நூல் நாடா நின்றது. "எம்புள்ள போன திதி தம்பி" என்றார்.

ஒன்பது வயதுப் பெண். இருபத்துநான்காம் வருஷம் ஆடிக்குத் தாயும் மகளும் ஜேடர்பாளையத்துத் தாய்வீட்டுக்குப் போயிருந்தார்கள். அந்த வருஷம்தான் காவேரியில் பெருவெள்ளம். கரையோரத்து ஆட்டுக்குட்டியை அவிழ்த்துவிடப் போன பெண்ணைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. கன்னியாகப் போன பெண்ணுக்கு வருஷா வருஷம் புதுத்துணி வைத்துப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தத் துணியை அம்மாளே நெய்தார். முதல் சில வருஷம் பாவாடை, பிறகு தாவணி, பிறகு சேலை. பெண் இருந்திருந்தால் என்ன வயசோ அதற்குத் தகுந்தாற்போல. இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை.

படைக்கும் நாளில்தான் தகராறு. அம்மாளுக்குத் திதிதான் நாள். போஸ்ட்மாஸ்டருக்கு ஜூலை இருபத்தெட்டுதான் நாள். திதி வருஷா வருஷம் நகரும்; தேதி நகராது. முதல் வருஷமே பதினோரு நாள் விலகிவிட்டது. துக்கத்தின் சூட்டில் இருவரும் கடுமையாகப் பேசிவிட்டார்கள். முத்திரையில் இருப்பதுதான் சத்தியமா என்று அம்மாள் கேட்டிருக்கிறார். நிலாவைப் பார்த்தா என் மகள் போனாள் என்று போஸ்ட்மாஸ்டர் கேட்டிருக்கிறார். அதோடு சரி. மற்ற எல்லாவற்றிலும் ஒற்றுமையான தம்பதி. அந்த இரண்டு நாளில் மட்டும் ஆளுக்கொரு பக்கம். திதியன்று தறி நிற்கும், அம்மாள் தனியாகப் படைப்பார், முன்னால் முத்திரை குத்தும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இருபத்தெட்டன்று அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார், பின்னால் தறி ஓடும். பெற்ற பிள்ளைக்காக இரண்டு பேரும் ஒன்றாய் உட்கார்ந்து அழுததே இல்லை.

"எனக்கு எழுத்துத் தெரியாது தம்பி. எம்புள்ள பேரு ஒண்ணுதான் எழுதத் தெரியும். பள்ளிக்கூடம் உட்டு வந்து அவளே கையைப் புடிச்சுச் சொல்லிக் குடுத்தா" என்று சொல்லிவிட்டு அம்மாள் மறுபடியும் தறியை ஓட்டினார்.

எனக்குப் போஸ்ட்மாஸ்டர்மேல் கோபம் வந்தது. பெற்றவள் சொல்லும் நாளைவிட அச்சு சொல்லும் நாளா பெரிது? மேட்டூர் அணை திறந்தபோது ஊரே பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தது, இவர் போகவில்லை. ஆகஸ்டு இருபத்தொன்றின் பக்கத்தில் அந்தச் சேதியை எழுதினார், அவ்வளவுதான். அன்று ஆபீசில் நாங்கள் இரண்டே பேர். கேட்பது கேட்பதுதான் என்று கேட்டுவிட்டேன். "அம்மிணி சொல்ற நாள்லயே நீங்களும் உக்காந்தா என்னங்க? ஒரு நாள்தானுங்களே."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் அதைத் துடைத்தார்.

"வெள்ளத்துல பாலமும் ரஸ்தாவும் போச்சு. கார்டு எனக்கு வந்து சேர அஞ்சு நாளாச்சப்பா. அந்த அஞ்சு நாளும் நான் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தேன். இருபத்தெட்டாந்தேதி மத்தியானம், அவ போன நேரம், இதே மேஜையில உக்காந்து ஒருத்தர்கிட்ட ஊர்க்கதை பேசிக்கிட்டு இருந்திருக்கேன். அந்த முத்திரையைப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. அந்த நாளை எப்படிப்பா நகத்தச் சொல்ற?"

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் ஏன் உலகத்துச் சேதியை எல்லாம் நாள்வாரியாகத் துரத்துகிறார் என்பது எனக்கு நடுவழியில்தான் உறைத்தது. தனக்குத் தெரியாமல் ஒரு நாள் போய்விட்டது. இனி ஒரு நாளும் அப்படிப் போகக்கூடாது. எத்தனை நூறு வருஷத்துக்கு முந்தின நாளானாலும் சரி, அதில் என்ன நடந்தது என்று கேட்டு வைத்துவிட வேண்டும். நோட்டின் மற்றப் பக்கங்களில் முதல் முத்திரைகள் எல்லாம் அந்த வருஷத்து ஆகஸ்டிலிருந்துதான் தொடங்கியிருந்தன. அதை நான் அதுவரை கவனிக்கவில்லை.

வருஷங்கள் ஓடின. மறுபடியும் பெரிய சண்டை வந்தது. நாற்பத்துமூன்றாம் வருஷம் சித்திரையில் பஞ்சாங்கம் வந்தது. அம்மாள் பின்வாசலுக்குக் கூப்பிட்டார். நான் ஆடி மாசத்தைத் திறந்து விரலால் தடவிக்கொண்டே வந்து நின்றுவிட்டேன். மறுபடியும் ஒருமுறை பார்த்தேன்.

"என்ன தம்பி, கெழமை நல்லால்லியா?"

"பொதங்கெழமைங்க." விரலைப் பக்கத்தின் ஓரத்துக்கு நகர்த்தினேன். "இங்கிலீசுத் தேதி ஜூலை இருபத்தெட்டுங்க."

அம்மாள் கையிலிருந்த நூல் கண்டை மடியில் வைத்தார். பிள்ளை போய்ப் பத்தொன்பதாவது வருஷம். எட்டாம் வருஷம் ஒருநாள் தள்ளி வந்து கிட்டே தொட்டுவிட்டு விலகிப்போன இரண்டு நாளும், இப்போது ஒரே நாளாக வந்து நின்றன. பத்தொன்பது வருஷத்துக்கு ஒருமுறை நிலாக் கணக்கும் சூரியக் கணக்கும் அப்படிச் சேருமாம். பஞ்சாங்கம் கணிக்கிற ஒருவர் பிற்பாடு எனக்குச் சொன்னார். அன்று எங்கள் இருவருக்கும் அது தெரியாது. அவரிடம் சொல்லாதே என்று மட்டும் அம்மாள் கேட்டுக்கொண்டார். அவராக வர வேண்டும் என்றார்.

அவர் வராவிட்டால் அம்மாள் என்ன செய்வார் என்று நினைத்து நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும். இன்னொரு பத்தொன்பது வருஷத்துக்கு இரண்டு பேரும் இருப்பார்களா? ஒருநாள் தாங்காமல், அவர் குளிக்கப் போயிருந்தபோது, ஜூலை இருபத்தெட்டைத் திறந்தேன். அந்தப் பென்சில் தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். நான் வேலைக்கு வந்த வருஷத்திலிருந்து இருந்தவை எல்லாம் நானே அம்மாளுக்குப் பஞ்சாங்கத்தில் பார்த்துச் சொன்ன நாள்கள். ஒவ்வொரு வருஷமும் திதி எந்த இங்கிலீஷ் தேதியில் விழுந்தது என்று, சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, தறி நிற்கும் நாளைக் கணக்கு வைத்திருக்கிறார் மனுஷர். அவரை நான் மனசுக்குள் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

அந்தப் புதன்கிழமை நான் போனபோது பின்பக்கம் தறி ஓடவில்லை. இருபத்தெட்டாந்தேதியில் தறி நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை அதன் பாட்டுக்கு நோட்டில் முத்திரை குத்தியது, வந்த கடிதங்களில் குத்தியது. நான் கடிதங்களை அள்ளிக்கொண்டு கிளம்பினேன்.

மேலத் தெருவில் கார்டைக் கையில் வாங்கிய ஒருவர்தான் சொன்னார், நேற்றைய தபாலை இன்று கொண்டுவருகிறாயே என்று. எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஜூலை இருபத்தேழு. எத்தனையோ வருஷமாக விடிந்ததும் தேதி மாற்றுகிற மனுஷர், அந்த ஒரு நாளில் மாற்ற மறந்துவிட்டார். சாயங்காலத் தபால் கிளம்புவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வெயிலில் ஓடினேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஆபீஸ் கதவு சாத்தியிருந்தது. சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். கூடத்தில் வாழையிலை போட்டிருந்தது. அதன்மேல் சிவப்புக் கரை போட்ட புதுச் சேலை. அம்மாள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர், கோட்டு இல்லாமல், சம்மணம் போட்டு. அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அம்மாள் அவருடைய அந்தக் கறுத்த கட்டைவிரலைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் சத்தம் போடாமல் திரும்பிவிட்டேன். சாயங்காலம் தப்பான தேதி போட்ட கடிதங்களை என் கையாலேயே பையில் கட்டி அனுப்பினேன். பத்து நாளில் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு எழுதியிருந்தார்கள். வீட்டில் விசேஷம் இருந்தபடியால் தேதி மாற்ற மறந்துபோனது என்று அவர் பதில் எழுதினார். எச்சரிக்கை ஒன்று வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் அவரே நோட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார். ஜூலை இருபத்தெட்டின் பக்கம். கடைசி முத்திரையில் இருபத்தேழு என்று விழுந்திருந்தது. ஓரத்தில் பென்சில் தேதி இல்லை. பத்தொன்பது வருஷமாகக் காலியாக இருந்த ஊர்ச் சங்கதியின் இடத்தில் ஒரு பெயர் மட்டும் இருந்தது. அவர் எழுத்து இல்லை. குழந்தைகள் சிலேட்டில் எழுதுவதுபோலப் பெரிது பெரிதாக, கோணல் கோணலாக, வரிக்கு அடங்காமல் எழுதிய பெயர்.

"தேதி தப்பா உழுந்திருக்குதுங்களே" என்றேன்.

"தேதி தப்புதானப்பா. நாளு அதுதான்" என்றார். பிறகு இடுக்கியை எடுத்து அன்றைய தேதியை மாற்ற ஆரம்பித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது.